சன்னம் எங்கே போய் நிற்கும்?

(எமது வானொலியில் ஒலிபரப்பான மாதாந்த உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் உங்களில் சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். வீட்டுக் காவலுக்கென்று கைத்துப்பாக்கி வாங்கியவர்கள் அதற்கு எந்த ரவையை வாங்குவது என்பதுதான் அது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு வந்த சனங்களிடம் இதைப் பேசுவதா என்று நானும் யோசித்தேன். ஆனால் இங்கே நியூ ஜேர்சியில் எங்கள் ஆட்களின் வீடுகள் சிலவற்றிலும் துவக்கு இருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் வாங்குகிறார்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள் வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன். இருக்கிறதை இல்லாதது போல மூடி வைப்பதிலும் பார்க்க, வெளிப்படையாகப் பேசுவது நல்லது என்று எண்ணுகிறேன். கனடாவில் கைத்துப்பாக்கி விற்பனை 2022 ஒக்டோபரில் இருந்து பெரும்பாலும் நிறுத்தப்பட்டு விட்டது. ஆகையால் நான் சொல்லப்போவது அமெரிக்காவில் வாழ்பவர்களுக்கானது.

எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் உடைக்கப்பட்ட பிறகுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. "இஞ்சேருங்கோ, துவக்குக்குப் பயந்து ஓடி வந்த எங்களுக்குத் துவக்கே காவல்?" எனக்கு மறுமொழி வரவில்லை. ஆனாலும் அனுமதிப் பத்திரங்கள் எல்லாம் எடுத்து, 9 மில்லிமீற்றர் பிஸ்டல் ஒன்று வாங்கினேன்.

ரவை வாங்கப் போன இடத்தில், "இருக்கிறதிலேயே பலமான ரவை எது?" என்று கேட்டேன். கடையில் நின்றவர் வயதான வெள்ளைக்காரர். அவர் என்னைப் பார்த்து, "உங்கள் பிள்ளைகள் எந்த அறையில் படுக்கிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டார். முதலில் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து படுக்கையறைச் சுவரில் தட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. டொக் டொக் என்று வெறும் பெட்டியில் தட்டியது போலச் சத்தம் கேட்டது. அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் மகனுடைய கட்டில்.

நாங்கள் ஊரில் கல்வீட்டில் வளர்ந்தவர்கள். வெடிச் சத்தம் கேட்டால் சுவரோடு ஒண்டிக்கொள்ளச் சொல்லித் தந்தார்கள். சுவர் காக்கும் என்ற நம்பிக்கை எங்கள் உடம்பில் ஊறிப்போய் இருக்கிறது. இங்குள்ள வீடு அப்படியில்லை. மரச் சட்டத்தின் இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் வெற்றிடம். இதைத்தான் டிறைவோல் என்கிறார்கள். கைத்துப்பாக்கிச் சன்னம் அப்படியான உட்சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆகவே ரவை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, எது பலமானது என்பதல்ல. இந்தச் சன்னம் எங்கே போய் நிற்கும் என்பதுதான்.

கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஒன்று முழு உறை ரவை. ஈயச் சன்னத்தைச் செம்பு மூடியிருக்கும், முனை உருண்டையாக இருக்கும். விலை குறைவு, 50 ரவைகள் கொண்ட பெட்டியாக வரும். பயிற்சிக்கு நல்லது. ஆனால் உடம்பில் பட்டால் விரியாமல் ஊடுருவி அடுத்த பக்கத்தால் வெளியே போகக்கூடியது. மற்றது குழிமுனை ரவை. இதன் முனையில் சிறு குழி இருக்கும். பட்டவுடன் பூப்போல விரிந்து வேகம் குறையும், உள்ளேயே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். விலை கூட. 20 அல்லது 25 ரவைகள் கொண்ட சிறு பெட்டியாக வருவது வழக்கம்.

விரியும் சன்னத்துக்கு 'டம் டம்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. கல்கத்தாவுக்கு அருகே டம் டம் என்ற இடத்தில் இருந்த பிரித்தானியரின் படைக்கலத் தொழிற்சாலையில் 1890களில் செய்யப்பட்டதால் வந்த பெயர் அது. 1899 ஹேக் மாநாட்டுப் பிரகடனம் யுத்தத்தில் அவற்றைப் பாவிப்பதைத் தடை செய்தது. யுத்தத்தில் கூடாதது வீட்டில் எப்படிச் சரி என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்கப் பொலிசார் பெரும்பாலும் குழிமுனையைத்தான் பாவிக்கிறார்கள். சுடப்பட்டவரைத் தாண்டிப் பின்னால் நிற்கும் அப்பாவியில் படக்கூடாது என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

எவ்வளவு ஆழம் போதும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்களுக்கும் இரண்டு கொள்ளையருக்கும் இடையே நடந்த மோதலில் இரண்டு முகவர்கள் கொல்லப்பட்டார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போன 9 மில்லிமீற்றர் சன்னம் இருதயத்தை எட்டமுன் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். அந்த அனுபவத்தில் இருந்துதான் எஃப்.பி.ஐ.யின் சோதனை முறை உருவானது. சதைக்கு ஒப்பான 10 வீத ஜெலற்றின் கட்டியில் சன்னம் 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மேற்படாமலும் போக வேண்டும். தடித்த உடுப்பு, டிறைவோல் போன்றவற்றின் ஊடாகவும் சுட்டுப் பார்ப்பார்கள். முழு உறை ரவை 18 அங்குலத்தையும் தாண்டிப் போய்விடும். பெரிய குண்டுதான் வேண்டும் என்றும் இல்லை. 40 கலிபருக்குப் போயிருந்த எஃப்.பி.ஐ. கூட 2010களின் நடுப்பகுதியில் 9 மில்லிமீற்றருக்கே திரும்பி வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குழிமுனையும் சுவரில் நிற்காது. ஜிப்சம் தூள் குழியை அடைத்துவிட்டால் அது விரியாமல் முழு உறைச் சன்னம் போலவே போகக்கூடும். குறி தவறிய சன்னம் எந்த வகையானாலும் பிள்ளையின் அறைக்குள் போகும். அதனால் எங்கே நிற்பது, எந்தத் திசைக்குச் சுடவே கூடாது என்பதைப் பகலிலேயே வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து வையுங்கள்.

இன்னும் சில சிறு விடயங்கள். குழலில் பொறித்திருப்பதும் ரவையின் அடியில் பொறித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். 9 மில்லிமீற்றர் லூகர் வேறு, 380 வேறு. பிளஸ் பி என்று எழுதியிருந்தால் அழுத்தம் கூடியது. துவக்கின் கைநூல் அனுமதித்தால் மட்டுமே பாவியுங்கள். வாங்கிய ரவையை உங்கள் துவக்கில் பயிற்சிக் கூடத்தில் சுட்டுப் பாருங்கள். சில துவக்குகளில் குழிமுனை சிக்கும். ஒரே ரவையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் சன்னம் கோதுக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் ஆபத்தாகக் கூடலாம். நியூ ஜேர்சியில் குழிமுனையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரலாம், வீட்டில் வைத்திருக்கலாம். வெளியே காவித் திரிவதற்குத் தடைகள் உண்டு. சட்டம் மாறக்கூடியது, வாங்கமுன் விசாரியுங்கள்.

இனி, சொல்ல வெட்கப்படும் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இரவு இரண்டு மணிக்குக் கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் எழும்பி, கட்டிலடியில் இருந்த பெட்டியின் இலக்கப் பூட்டைத் திருப்பினேன். கை நடுங்கி இரண்டு தரம் பிழைத்தது. அதற்குள் மனைவி விறாந்தை வெளிச்சத்தைப் போட்டு, "ஆரது?" என்று குரல் கொடுத்தா. "நான்தான் அம்மா" என்றான் மகன். பதினேழு வயது. எங்களுக்குத் தெரியாமல் சிநேகிதனிடம் போய் வந்திருக்கிறான். நல்ல ரவை, எஃப்.பி.ஐ. அளவுக்கு ஏற்ற ரவை, பார்த்துப் பார்த்து வாங்கிய ரவை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. என் பிள்ளையைக் காப்பாற்றியது அந்த ரவையல்ல. பிழைத்த பூட்டும், ஒரு மின்குமிழும், தாயின் குரலும்தான்.

அதன் பிறகு எங்கள் வீட்டு ஒழுங்கு மாறிவிட்டது. துவக்கு வெறுமையாக ஒரு பூட்டில், ரவை வேறொரு பூட்டில். சத்தம் கேட்டால் முதலில் வெளிச்சம், பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுவது, பிள்ளைகளை எண்ணுவது, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு 911ஐ அழைப்பது. தாமதம் ஆகுமே என்பார்கள். எங்களுக்கு அந்தத் தாமதம்தான் பிள்ளையைத் தந்தது. குண்டேற்றிய துவக்கு 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி இருந்தால் இந்த மாநிலச் சட்டத்தில் பெற்றோர் மீது குற்றம் வரும்.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் துவக்கால் நிகழும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். எங்கள் வீடுகளில் யுத்தத்தை இன்னும் நித்திரையில் காண்கிறவர்கள் இருக்கிறார்கள், வெளியே சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் மனம் சோர்ந்திருக்கும் காலத்தில் துவக்கையும் ரவையையும் சட்டப்படி வீட்டை விட்டு அகற்றி வையுங்கள். 988 என்ற இலக்கத்தை அழைத்தால் எந்த நேரமும் பேச ஆள் இருக்கும்.

வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் உங்கள் வீட்டு முடிவு. மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் முழு மறுமொழி இல்லை. ஆனால் வாங்கமுன் இன்றிரவு உங்கள் வீட்டுச் சுவரில் ஒருதரம் தட்டிப் பாருங்கள். அடுத்த பக்கம் படுத்திருப்பது யார் என்று நினைத்துப் பாருங்கள்.