கடிகாரப் பொறியின் முலாம்



கைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளிருக்கும் பொறி எல்லாக் கடிகாரங்களிலும் ஒரே நிறமாக இராமையைக் கண்டிருப்பார்கள். ஒன்று பொன்போல் மின்னும். மற்றொன்று வெள்ளிபோல் வெளுத்திருக்கும். இன்னொன்று செம்புபோல் சிவந்திருக்கும். பொன்னிறப் பொறியே உயர்ந்ததென்று நம்பி அதிக விலை கொடுப்பாரும் உளர். வெண்ணிறமே சிறந்ததென்று வாதிப்பாரும் உளர். இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன, அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

பொறியின் அடித்தட்டும், சக்கரங்களின் அச்சுகளைத் தாங்கும் பாலங்களும் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை. செம்பும் நாகமும் சேர்ந்த இக்கலப்புலோகம் வெட்டுவதற்கும் துளையிடுவதற்கும் இலகுவானது. ஆனால், ஈரக்காற்றுப் பட்டால் நாளடைவிற் கறுத்துவிடும். விரலின் வியர்வை பட்ட இடத்திற் கறை பிடிக்கும். இதனைத் தடுப்பதே முலாமின் முதல் நோக்கம். அழகு அதற்கடுத்தது.

பழங்காலத்தில் முலாம் என்றால் பொன்முலாமே. பொன்னைப் பாதரசத்திற் கரைத்து, அந்தக் களியை உலோகத்தின்மேற் பூசி நெருப்பிற் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போக, பொன் படிந்து நிற்கும். அம்முலாம் மிக உறுதியானது. ஆனால், அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் கைகள் நடுங்கின, பற்கள் ஆடி விழுந்தன, சிந்தை கலங்கியது. மற்றவர்களின் நேரத்தை அளக்கும் கருவிக்கு அழகு செய்தவர்கள், தம் ஆயுளில் ஒரு பகுதியை அதற்கு விலையாகக் கொடுத்தார்கள்.

இக்கொடுமை சிலருடைய உள்ளத்தை உறுத்தியது. பிரான்சில் வெண்கலப் பொருள்கள் செய்வித்த இரவ்ரியோ என்பவர் 1814 இல் இறந்தார். முலாமிடுவோரை இந்த நஞ்சிலிருந்து காக்க வழி காண்பவருக்கென்று அவர் 3,000 பிராங்குப் பரிசொன்றை விட்டுச் சென்றார். ஆவியை மேலே இழுத்துச் செல்லும் புகைபோக்கியோடு கூடிய அடுப்பை அமைத்த தார்சே என்னும் இரசாயன அறிஞர், 1818 இல் அப்பரிசைப் பெற்றார். பின்னர், கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஜெனீவாவைச் சேர்ந்த த லா ரீவ் என்ற பௌதிக அறிஞர், பாதரசமே இல்லாமல் மின்சாரத்தினாற் பொன்முலாமிடும் முறையொன்றை 1840 இல் விவரித்தார். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவருக்கும் 3,000 பிராங்கு பரிசளித்தது. இன்று பொறிகளுக்கு இடப்படும் முலாம் மின்முலாமே.

பொன்னுக்குப் போட்டியாக வந்தது நிக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் வோல்தம், எல்ஜின் முதலிய தொழிற்சாலைகள், வெண்ணிற நிக்கற் பொறிகளைப் பொன்முலாமிட்ட பொறிகளிலும் உயர்ந்த தரமாக விற்றன. அந்நாட்டில், பொன்னிறம் மலிவான பொறியின் அடையாளமாயிற்று! நிறத்தை வைத்துத் தரத்தைக் கணிப்பது ஊருக்கு ஊர் மாறும் வழக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஜேர்மனியின் கிளாசுகூற்றே என்னும் சிற்றூரில் 1845 இல் லாங்கே தொடங்கிய தொழில் வேறொரு வழியிற் சென்றது. அங்கு உயர்ந்த பொறிகளின் தட்டுகளை ஜேர்மன் வெள்ளியிற் செய்து, முலாமே இடாமல் விடுவது வழக்கமாயிற்று. பெயரில் வெள்ளி இருந்தாலும், அது செம்பு, நிக்கல், நாகம் ஆகியவற்றின் கலவையே. அது ஆண்டுகள் செல்லச் செல்ல இளந்தேன் நிறம் பெறும். ஆனால், பொருத்துபவரின் விரல் தவறிப் பட்டால் அக்குறி நிலைத்துவிடும்.

இன்று சுவிற்சலாந்துப் பொறிகள் பலவற்றிற் காணும் வெண்மை, உரோடியத்தின் வெண்மை. பிளாற்றினத் தாதுவிலிருந்து வொலாசுற்றன் என்னும் ஆங்கிலேயர் 1804 இல் அறிவித்த உலோகம் இது. கடினமானது, காற்றிற் கறுப்பதில்லை. பல காலங்களிற் பொன்னிலும் அதிக விலைக்கு விற்கப்பட்டது. ஆயினும், பொறியிற் படியும் படலம் மிக மிக மெல்லியதாகையால், அதிற் செலவாகும் உலோகம் அற்பமே.

நிறத்துக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பைச் சோதிக்க ஓர் உதாரணம் போதும். ஒமேகா நிறுவனம் 1968 இல் வெளியிட்ட 861 என்ற பொறி செம்பு நிறமானது. 1990களின் பிற்பகுதியில் அதன் வழிவந்த 1861 என்ற பொறி உரோடிய முலாம் பெற்றது. அடிப்படை அமைப்பு ஒன்றே. இரண்டும் மணிக்கு 21,600 முறை துடிப்பவை. 1969 இல் சந்திரனில் நடந்த ஓல்ட்ரின் அணிந்திருந்த கடிகாரத்தினுள்ளும் செம்பு நிறப் பொறியே, 321 என்ற பொறியே, ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே, கடிகாரம் வாங்குவோர் நிறத்தைக் கண்டு மயங்கவேண்டியதில்லை. தட்டுகளின் விளிம்பு செம்மையாகத் தீட்டப்பட்டுள்ளதா, திருகாணிகளின் தலை சிதையாதிருக்கிறதா, முலாம் உரிந்து பித்தளை தெரிகிறதா என்று பாருங்கள். பழைய பொறியைத் திருத்தக் கொடுக்கும்போது, அதனை உரோஞ்சிப் பளபளப்பாக்கவேண்டாமென்று சொல்லிவையுங்கள். புதுப்பொலிவுக்காக அப்படி உரோஞ்சினால், உலோகத்தைக் காக்கும் போர்வை போய்விடும். பாதரச முலாமிட்ட மிகப் பழைய பொறியாயின், போவது அம்முலாம் மாத்திரமன்று. ஒரு தொழிலாளி தன் உடல்நலத்தைக் கொடுத்துச் செய்த வேலையும் அதனோடு அழிந்துபோகும்.