நீர்நாயின் இரையும் நீராடலும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருவழியில், பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடந்தால் வாகரை வந்து சேரும். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இன்னும் வடக்கே சென்றால், மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாறு கடலோடு கலக்கின்றது. களப்போரங்களில் கண்டலும் தில்லையும் அடர்ந்து நிற்கின்றன. உப்புநீரும் நன்னீரும் அண்டை வீட்டார் போல அமைந்த இத்தகைய கரைகள் நீர்நாய்க்கு எவ்வளவு உகந்தவை என்பதைப் பழந்தமிழ்ப் புலவர் நன்கறிந்திருந்தனர்.

நற்றிணையின் 195ஆம் பாடல் நெய்தல் நிலத்தைச் சார்ந்தது. கழியில் வாழும் நீர்நாய்க்குட்டி கொழுத்த மீனை வயிறார உண்டு, தில்லைப் புதரிலே படுத்துறங்கும் காட்சியை அது காட்டுகின்றது. உணவுக்குக் கழி, உறக்கத்துக்குத் தில்லை. இவ்விரண்டோடு மூன்றாவதாகவும் ஒன்று இவ்விலங்குக்கு வேண்டும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சி விளக்கியிருக்கின்றது.

இலங்கையில் இயற்கையாக வாழும் நீர்நாய் ஒரே இனத்தது. ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளிலும் தாழ்நிலத்து ஆறு குளங்களிலும் அது வாழ்கின்றது. ஐரோப்பாவில் வாழும் நீர்நாயும் இதே இனந்தான். ஸ்கொத்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெற்லாந்துத் தீவுகளில் அது பாறை நிறைந்த கடற்கரையிலேயே குடியிருக்கின்றது. ஹான்ஸ் குரூக் என்னும் விலங்கியல் அறிஞர் அங்கே பல ஆண்டுகள் தங்கி அதன் வேட்டையை நுணுகி ஆராய்ந்தார்.

அங்கு நீர்நாய் ஆழ்கடலை நாடிச் செல்வதில்லை. கரையோரத்து ஆழமற்ற நீரில் மூழ்கிக் கடற்பாசிகளுக்கு இடையிலும் கல்லிடுக்குகளிலும் மீன் தேடுகின்றது. மூழ்கியது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மேலே வந்துவிடும். சிறு மீனை நீரில் மிதந்தபடியே தின்னும். பெரிய மீனையோ நண்டையோ கரைக்குக் கொண்டுவந்து கடித்துண்ணும். கலங்கிய நீரில் இரையின் அசைவை அதன் மீசைமயிர்கள் உணர்த்துகின்றன.

ஆறுகளிலும் குளங்களிலும் பெரும்பாலும் இரவில் வேட்டையாடும் இவ்விலங்கு, ஷெற்லாந்துக் கடற்கரையில் பகலில் வேட்டையாடுகின்றது. காரணம் எளிது. அங்கே அது விரும்பியுண்ணும் அடிநீர் மீன்கள் இரவில் நடமாடிப் பகலில் பாசிக்குள் பதுங்குவன. பதுங்கிக் கிடக்கும் மீனைப் பிடிப்பது ஓடும் மீனைத் துரத்துவதினும் எளிதன்றோ!

இனி, அந்த மூன்றாவது தேவைக்கு வருவோம். திமிங்கிலத்துக்கும் கடல்நாய்க்கும் தோலின்கீழ்க் கொழுப்புப் படலம் உண்டு. நீர்நாய்க்கு அது இல்லை. அடர்ந்த மயிருக்குள் சிக்கியிருக்கும் காற்றே அதன் உடற்சூட்டைக் காக்கும் போர்வை. மயிரில் உப்புப் படிந்தால் அந்தப் போர்வை பயனற்றுப் போகும். ஆதலால், கடலில் இரை தேடும் நீர்நாய் அடிக்கடி நன்னீர்க் குட்டைக்கு வந்து உப்பைக் கழுவிக்கொள்ள வேண்டும். வட பசிபிக் கடலில் வாழும் கடல் நீர்நாய் வேறு இனம். மார்பின்மேல் கல்லை வைத்துச் சிப்பியை அதன்மேல் மோதி உடைத்துண்ணும் அவ்விலங்குக்கு இத்தேவை இல்லை. இலங்கை நீர்நாயின் இனத்துக்கோ, கடல் எவ்வளவு மீன் கொடுத்தாலும், பக்கத்தில் நன்னீர் இல்லையேல் அக்கரையில் வாழ்வில்லை.

நீர்நாய் வலையைக் கிழிக்கின்றது, மீனைத் திருடுகின்றது என்னும் குறை மீனவரிடையே பல நாடுகளிலும் உண்டு. குறையில் உண்மை இல்லாமலில்லை. எனினும் ஒரு நீர்நாய் நாளொன்றுக்கு உண்பது ஏறத்தாழ ஒரு கிலோ இரைதான். அதிலும் பெரும்பகுதி சிறு மீனும் நண்டும் விலாங்குமே. மீனுக்காக வைத்த கூட்டில் அகப்பட்டு மூச்சடைத்து இறக்கும் நீர்நாய்களும் உண்டு. ஆகவே இழப்பு ஒருபக்கத்தது மட்டும் அன்று.

இதனினும் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாமல் வருவது. 1950களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் நீர்நாய்கள் விரைந்து குறையத் தொடங்கின. விதைகளுக்கும் ஆடுகளுக்கும் பயன்படுத்திய டீல்ட்ரின் என்னும் பூச்சிக்கொல்லி ஆற்றில் இறங்கி, மீனில் சேர்ந்து, மீனை உண்ட நீர்நாயின் உடலில் பெருகியதே அதற்குத் தலையாய காரணம். அதன் பயன்பாட்டைத் தடுத்த பின்னரே நிலை மெல்லத் திருந்தியது. இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் நீர்நாய் மீண்டும் காணப்படுவதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. மறைவதற்குச் சில ஆண்டுகள் போதும். மீள்வதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் வேண்டியிருந்தது.

வயலில் தெளிக்கும் மருந்து வாய்க்கால் வழியே களப்பை அடையும். அங்குள்ள இறாலும் மீனும் நீர்நாய்க்கு மட்டும் உணவல்ல. கரையில் வாழும் குடும்பங்களுக்கும் அவையே உணவு. நீர்நாயைக் கெடுக்கும் நஞ்சு அக்குடும்பங்களின் சட்டியையும் எட்டக்கூடும்.

நீர்நாயை நேரில் காண்பது அரிது. ஆனால் நீரோரக் கல்லின்மேல் அது விட்டுச்செல்லும் எச்சத்தில் மீன் செதிளும் நண்டோடும் கலந்திருக்கும். அதைக்கொண்டு அதன் நடமாட்டத்தை அறியலாம். கண்டலையும் தில்லையையும் வெட்டாது விடுதல், நன்னீர் மடுக்களைத் தூர்க்காதிருத்தல், நஞ்சைக் குறைத்தல் ஆகிய மூன்றும் நடந்தேறினால், நற்றிணைப் புலவர் கண்ட காட்சி கழிக்கரைகளில் இனியும் நிலைக்கும். மீனவர் வலையிலும் மீன் விழும்.