உக்கிராணத்துக்கு ஒரே சாவி



ஆண்ட்ராய்டு போன் வாங்கப் போனால் கடைக்காரர் "இது எட்டு கோர்" என்பார். ஒரே சில்லுக்குள் எட்டு ப்ராசஸர்கள் என்று பொருள். அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது உள்ளே இருக்கும் லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு. அந்தத் திறமை அதற்கு எளிதில் வந்துவிடவில்லை.

கல்யாண வீட்டு உக்கிராண அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் நூறு தேங்காய் இருப்பு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து ஏட்டைப் பார்க்கிறார்கள். ஆளுக்கொரு தேங்காய் எடுக்கிறார்கள். இருவருமே 'இருப்பு 99' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். உள்ளே இருப்பதோ 98. யாரும் திருடவில்லை, ஆனாலும் கணக்குத் தப்பிவிட்டது. இரண்டு ப்ராசஸர்கள் நினைவகத்தில் ஒரே இடத்தை ஒரே சமயத்தில் திருத்தினாலும் இதே கதிதான். தினமும் நடந்தால் பிடித்துவிடலாம். இது என்றோ ஒரு நாள் நடந்து, கோப்பைக் கெடுத்துவிட்டுப் போய்விடும்.

1996 ஜூனில் வந்த லினக்ஸ் 2.0 பதிப்புதான் முதன்முதலாகப் பல ப்ராசஸர்களை ஏற்றது. அதற்கான தொடக்க வேலையைச் செய்தவர் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீயில் இருந்த ஆலன் காக்ஸ். இரண்டு ப்ராசஸர் கொண்ட இயந்திரத்தைக் கால்டெரா நிறுவனம் அவருக்குக் கொடுத்து உதவியது. அவர் கண்ட வழி, முழு உக்கிராணத்துக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி. 'பிக் கெர்னல் லாக்' என்று அதற்குப் பெயர். ஒரு ப்ராசஸர் கெர்னலுக்குள் போனால் மற்றவை வாசலில் நிற்க வேண்டியதுதான். இதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். ஒற்றை ப்ராசஸருக்கென்று எழுதிய நிரலை உடையாமல் ஓடவைக்க அன்றைக்கு அதுவே சரியான வழி. 1998-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் 3.0 பதிப்பும் அதே வழியில்தான் வந்தது. தங்கள் பூட்டுக்கு ஃப்ரீபிஎஸ்டி குழுவினர் வைத்த பெயர் 'ஜயன்ட்', ராட்சதன்.

வாசலில் காத்திருப்பதைக் குறைக்க அந்தப் பெரிய பூட்டை எடுத்தாக வேண்டும். ஆனால் பூட்டுப் போடுவது எளிது, எடுப்பதுதான் பாடு. அரிசிக்கு ஒரு சாவி, எண்ணெய்க்கு ஒரு சாவி என்று பிரித்தால் வேறொரு சிக்கல். அரிசிச் சாவியை வைத்திருப்பவர் எண்ணெய்ச் சாவிக்கும், எண்ணெய்ச் சாவியை வைத்திருப்பவர் அரிசிச் சாவிக்கும் காத்திருந்தால் பந்தி நின்றுபோகும். அதைவிடப் பெரிய சங்கடம், பழைய நிரலில் அந்தப் பூட்டு எதைக் காக்கிறது என்று பல இடங்களில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படிப்பவருக்குப் பூட்டே தேவைப்படாத ஓர் அழகான வழியும் உண்டு. ஏட்டைத் திருத்த வேண்டுமா? புதுப் பிரதி எழுதி அதே இடத்தில் வைத்துவிடுங்கள். பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் படித்து முடிக்கட்டும். கடைசி ஆள் போன பிறகு அதைக் கிழித்துப் போடலாம். ஆர்சியூ எனப்படும் இந்த முறை, பால் மெக்கென்னி போன்றவர்களின் உழைப்பால் 2002-இல் லினக்ஸுக்குள் வந்தது. படிப்பவர் காத்திருக்கவே வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விடுதலை!

ஃப்ரீபிஎஸ்டி குழுவில் ராட்சதனை எப்படி வெளியேற்றுவது என்பதிலேயே கருத்து பிரிந்தது. அக்குழுவில் இருந்த மேத்யூ டில்லன் 2003-இல் தனியே போய் டிராகன்ஃப்ளை பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார். லினக்ஸிலோ அந்தப் பெரிய பூட்டின் கடைசி மிச்சத்தை ஆர்ண்ட் பெர்க்மன் அகற்றியது 2011 மே மாதம், 2.6.39 பதிப்பில். ஒரு பூட்டைக் கழற்றப் பதினைந்து ஆண்டுகள்! அத்தனை பேர், ஓசையில்லாமல், பிறர் எழுதிய பழைய வரிகளைப் படித்துப் படித்துச் செய்த வேலை அது.

இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. 2004-இல் பல ப்ராசஸர்களை ஏற்ற ஓபன்பிஎஸ்டி இயங்குதளம், தன் பெரிய பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்திவருகிறது. கணினி படிக்கும் மாணவர்களே, இந்த நிரல்கள் எல்லாமே திறந்து கிடக்கின்றன. ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து, ஒரே ஒரு பூட்டை எடுத்துக்கொண்டு, அது எதைக் காக்கிறது என்று படித்துப் பாருங்கள்.