நாள்தோறும் ஒரு பக்கம்

 

புதிதாகக் கோடு போட்ட மரம் முதல் நாளிலேயே மங்கு நிறையப் பால் தருவதில்லை என்பதை நாம் அறிவோம். பழைய வெட்டின்மீதே மெல்லியதாகச் சீவிவரப் பால் பெருகும் என்பதை 1890-களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி ஆராய்ந்து காட்டினார். ஆழ வெட்டினாலோ மரம் புண்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்.

எழுத்துப் பழக்கமும் அத்தகையதே. மரம் சீவியபின் பால் வடியும்வரை நாம் காத்திருக்கும் பொழுது ஒன்று உண்டன்றோ? அப்பொழுதில் ஒரு பக்கம் எழுதுவோம். நிரையில் கண்ட பாம்பு, மழையால் கெட்ட வேலை, எதுவாயினும் சரி. முதல் வாரத்தில் எழுதியவை நமக்கே நகைப்பூட்டும், கிழித்தெறிய வேண்டா. எழுத வராதவர் பாடட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் தோட்டத்து மக்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி ஏட்டில் ஏறாமலே மறைந்தது. பாட்டனார் வாய்மொழியாக வீட்டில் எஞ்சியிருப்பதையேனும் முதலில் எழுதிவிடுவோம்.

பரிசை எண்ணி எழுத வேண்டுவதில்லை. கங்காணிமீது கொண்ட சினம் என்று எழுதியதை ஒரு மாதம் கழித்துப் படிக்கையில், அது வெளியூர் சென்ற மகனை எண்ணிய ஏக்கமே என்பது நமக்குப் புலப்படக்கூடும். இதை வேறெவரும் நமக்குச் சொல்லித் தர இயலாது.

மழையில் மை கரையும், பென்சிலே நலம். நோட்டுப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் இட்டு இடுப்பில் செருகிக்கொள்வோம்.