மோதிய காரை வாங்கி வீட்டில் சரிசெய்வது: கடன் கேட்கும் முன்னால் பேச வேண்டியவை

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மாட்டுக்கடன், தையல் மிஷின் கடன், பெட்டிக்கடைக் கடன் பற்றியெல்லாம் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது கொஞ்சம் புதுசு. சமீபமாகக் குழுக்களில் ஒரு விதமான விண்ணப்பம் வருது. "விபத்தில் அடிபட்ட கார் ஒண்ணு மலிவாக் கிடைக்குது, வீட்டுக்காரருக்கு மெக்கானிக் வேலை தெரியும், வாசலிலேயே வச்சு சரிபண்ணிடுவார், வாடகைக்கு விட்டா மாசம் கடன் கட்டிடலாம்" என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. கைத்தொழில் தெரிந்தவரை நாம் மட்டம் தட்டக் கூடாது. ஆனால் கடன் நம் பெயரில், கையெழுத்து நம்முடையது. அதனால் காரைப் பற்றி நாமும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

முதலில், அந்தக் கார் ஏன் மலிவாக வந்தது? விபத்தில் சிக்கிய வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயரை அனுப்பும். சரிசெய்ய ஆகும் செலவு, பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பில் (ஐ.டி.வி. என்பார்கள்) 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை 'டோட்டல் லாஸ்' என்று முடிவு செய்வார்கள். உரிமையாளருக்குப் பணம் போய்விடும். நொறுங்கிய வண்டி ஏலத்துக்குப் போகும். அதாவது, இதைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டுத் தள்ளிய வண்டிதான் நம் ஊருக்கு வருது. நம்ம கைக்கூலி சேராது என்பதால் நமக்குக் கட்டுப்படியாகலாம். ஆகாமலும் போகலாம்.

இந்த ஏலத்தில் இரண்டு வகை உண்டு. ஆர்.சி.யோடு விற்கும் வண்டி ஒன்று. ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டு விற்கும் வண்டி இன்னொன்று. ரத்தான வண்டி காயலான் கடைக்குத்தான் ஆகும். கதவு, கண்ணாடி, சீட்டு என்று பிரித்து விற்கலாம், ரோட்டில் ஓட்ட முடியாது. "பேப்பர் அப்புறம் வரும்" என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துடுங்க. திருட்டுக் கார்களுக்கு நொறுங்கிய காரின் சேஸிஸ் நம்பரை வெட்டி ஒட்டி விற்கிற கூட்டமும் நாட்டில் இருக்கு. நாளைக்குப் போலீஸ் வந்தால் காரும் போச்சு, கடனும் நிக்குது.

பார்ப்பது எப்படி? எம்-பரிவாஹன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கா, ஃபைனான்ஸ் பாக்கி இருக்கா, இன்சூரன்ஸ் எது வரைக்கும் என்று தெரியும். நம்ம குழுப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும், கேளுங்க. வண்டியில் பொறித்திருக்கிற சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒரு எழுத்து மாறாமல் பொருந்தணும். அந்த இடத்தில் புது வெல்டிங், புது பெயின்ட் தெரிந்தால் வேண்டாம். ஃபைனான்ஸ் இருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேற மாநில வண்டியானால் படிவம் 28, அதாவது என்.ஓ.சி. விபத்தில் யாருக்காவது அடிபட்டு வழக்கு நடக்குதா என்றும் அந்தக் காவல் நிலையத்தில் விசாரிக்கணும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை விபத்து வண்டி என்று சொல்லி விற்பதும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எவ்வளவு கார்கள் தண்ணீரில் நின்றன என்று டிவியில் பார்த்தோமே. மோதிய காரில் அடி வெளியே தெரியும். மூழ்கிய காரில் ஒயருக்குள்ளே இருக்கும், மெதுவாக வேலையைக் காட்டும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே வண்டல், ஒரு ஈர வாடை இருந்தால் விட்டுடுங்க.

இப்போ வீட்டு வேலைக்கு வருவோம். இதில் எது நம் வாசலில் ஆகும், எது ஆகாது என்று பிரிச்சுப் பார்க்கணும். போல்ட்டில் மாட்டியிருக்கும் பாகங்கள், அதாவது பம்பர், பானட், முன் ஃபெண்டர், ஹெட்லைட், ரேடியேட்டர் இவை கைவேலை தெரிந்தவருக்கு ஆகும். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய பாகம் கிடைக்கும். டென்ட் எடுத்துப் பட்டி பூசி பெயின்ட் அடிப்பதும் சிலருக்குக் கைவந்த கலை.

ஆனால் இன்றைய கார் லாரி மாதிரி இல்லை. லாரிக்குத் தனி சேஸிஸ், மேலே பாடி. காருக்கு பாடியே சேஸிஸ். மோதும்போது முன்பக்கம் மடங்கி அடியை வாங்கிக்கணும், உள்ளே இருப்பவர்களுக்கு அடி போகக் கூடாது என்றே அந்தத் தகட்டைக் கணக்காகச் செய்திருக்காங்க. அந்த உள்தகடு வளைந்திருந்தால், சுத்தியலால் தட்டி நிமிர்த்தி கேஸ் வெல்டிங் வைத்துப் பட்டி பூசிட்டா வெளியே புதுசு மாதிரி மின்னும். அடுத்த மோதலில் எப்படி மடங்கும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஃபிரேம் பெஞ்ச் என்ற இழுவை மேடை உள்ள ஒர்க்‌ஷாப்பில்தான் கொடுக்கணும். நாம் பார்க்க ஒரு எளிய வழி இருக்கு. நம்ம வீட்டு அஸ்திவாரத்துக்கு மூலைமட்டம் பார்க்க கொத்தனார் இரண்டு குறுக்கு அளவு எடுப்பாரே, அதே மாதிரி பானட்டைத் திறந்து இடது மூலை போல்ட்டிலிருந்து வலது பின் மூலைக்கும், வலதிலிருந்து இடது பின் மூலைக்கும் டேப் பிடிங்க. இரண்டும் ஒரே அளவா வரணும். கதவு இடைவெளி மேலேயும் கீழேயும் சமமா இருக்கணும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடியில் வச்சுப் பாருங்க. பட்டி தடிப்பாகப் பூசிய இடத்தில் ஒட்டாது.

அடுத்து ஏர்பேக். 2019 ஜூலைக்குப் பிறகு விற்பனைக்கு வந்த கார்களில் ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் கட்டாயம். மோதலில் அது வெடித்திருந்தால் பை, அதை இயக்கும் மாட்யூல், இறுகிப்போன சீட் பெல்ட் எல்லாம் மாற்றணும். செலவு அதிகம். அதனால் சிலர் பை இல்லாத வெறும் மூடியை ஒட்டி, எச்சரிக்கை விளக்கின் ஒயரையும் வெட்டி விடுறாங்க. சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து சில வினாடியில் அணையணும். எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான், அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் கோளாறுதான். வெடிக்காத ஏர்பேக்கும் ஆபத்தானது. பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அது பயிற்சி பெற்றவர் வேலை.

வாசலில் வேலை நடந்தால் ஆபத்து வீட்டில் உள்ளவங்களுக்கும்தான். ஜாக்கி வெறும் தூக்கிவிடத்தான், தாங்கி நிற்க அல்ல. ஸ்டாண்டு வைக்காமல் அடியில் படுக்க விடாதீங்க. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பாங்க, அது சொல்லாமல் உடையும். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியைக் கழற்றணும், பெட்ரோல் டேங்க் பக்கம் தீப்பொறி போகக் கூடாது. ஹார்டனர் கலந்து ஸ்ப்ரே அடிக்கும் பெயின்டின் புகை நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமா கொண்டுவரும். துணியை மூக்கில் கட்டினால் போதாது. அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் பக்கத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். ரேடியேட்டரில் இருந்து வடிக்கும் கூலன்ட் இனிப்பாக இருக்கும், விஷம். ஆடு, நாய், குழந்தை வாய் வைக்காமல் பார்த்துக்கணும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு வண்டி 80,000, வேலைக்கு 40,000 என்று 1,20,000 ரூபாய் கடன். 24 மாதத் தவணை, மாதம் ஒரு ரூபாய் வட்டி, குறையும் அசலுக்கு. முதல் மாதம் அசல் 5,000, வட்டி 1,200. வண்டி ஆறு மாதம் வாசலிலேயே நின்றால் அதுவரை நாம் கட்டுவது 36,450 ரூபாய். வண்டி ஒரு பைசா சம்பாதிக்காத காலத்தில், நம்ம கூலியிலிருந்து. அந்த 40,000-மும் பிரித்துப் பார்த்த பிறகு ஏறத்தான் செய்யும், இறங்கிப் பார்த்ததே இல்லை என்று ஒர்க்‌ஷாப்காரர்களே சொல்றாங்க.

வாடகைக்கு விடுவது என்றால் இன்னொன்று. ஓன் போர்டு காரை வாடகைக்கு ஓட்டக் கூடாது. ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். டி போர்டு வண்டிக்கு பர்மிட், எஃப்.சி. வேணும். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷாவருஷம் எஃப்.சி. காட்டணும். நாம் சரிசெய்த வண்டியை ஒரு அதிகாரி பார்த்துச் சொல்வார் என்பது ஒரு விதத்தில் நல்லதுதான். ஓன் போர்டில் பல வருஷத்துக்கு அந்தச் சோதனையே கிடையாது.

கடைசியாக ஆர்.சி. யார் பெயரில்? வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும். 2018-இல் உச்ச நீதிமன்றம், பதிவில் யார் பெயர் இருக்கோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் பெயர் என்பது சொத்தும்தான், சுமையும்தான். கடன் பெண் பெயரில், கார் ஆண் பெயரில் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. உங்க பெயரில் பதிவு செய்யுங்க, அன்றே இன்சூரன்ஸையும் உங்க பெயருக்கு மாத்துங்க. இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட தெருவில் இறக்காதீங்க.

இந்த வகைக் கடனுக்கு விண்ணப்பம் வைக்கிறவங்க அடுத்த கூட்டத்துக்கு ஆர்.சி. நகல், சேஸிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட், ஒர்க்‌ஷாப்பில் உள்தகடு பார்த்து எழுதிக் கொடுத்த எஸ்டிமேட், இந்த மூன்றும் கொண்டு வரணும். முன்பணம் கொடுக்கும் முன்னாலேயே எங்களைக் கூப்பிடுங்க. வண்டி நிற்கிற இடத்துக்கே டேப்பும் காந்தமும் எடுத்துக்கிட்டு வர்றோம்.