புகழும் சான்றும்

1942 ஜனவரியில் ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரை எதிர்த்து நின்ற மண் இந்த மெர்சிங். போர்ப்புகழைப் பற்றிப் பேச இதுவே தக்க இடம்.

அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டர் 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் மாண்டார். தோல்விக்கு அவரது அவசரமே காரணம் என்றனர் பலர். மனைவி எலிசபெத்தோ, 1933இல் தாம் மறையும்வரை கணவரின் புகழைக் காத்தார். மூன்று நூல்கள் எழுதினார். அக்கைம்பெண்ணின் மனம் நோகுமே என்று எதிர்க்கருத்தினர் சிலர் வாய்மூடினர். வென்ற லகோட்டா, செயேன் மக்களின் குரலும் நெடுங்காலம் எடுபடவில்லை.

கண்ணகியும் கணவனுக்காக வழக்குரைத்தவளே. ஆனால், அவளை வெல்வித்தது கண்ணீரன்று. சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கப் பரல்.

மாணவர்களே, இவ்வூர்ப் போர்க்கதைகளை முதியோரிடம் அன்போடு கேளுங்கள், சான்றோடு எழுதுங்கள்.