கோட்டியில் ஓர் ஆங்கில மாளிகை

உத்தியோகத்தின் பொருட்டு ஐதராபாத் வந்து சேர்ந்த திருநெல்வேலிக்காரர் எவரும் கோட்டி என்ற பெயரை முதன்முறை கேட்டதும் நகைத்திருப்பர். நம் சீமையில் அது பித்தைக் குறிக்கும். இங்கோ மாளிகையைக் குறிக்கும். அந்த மாளிகை எது என்பதை, அங்கே பழைய புத்தகம் வாங்கச் செல்லும் நம்மவரிற் பலர் விசாரிப்பதில்லை.

நிஜாமின் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கர்க்பாட்ரிக், 1803-ஆம் ஆண்டளவில் எழுப்பத் தொடங்கிய ரெசிடென்சியே அது. வரைபடம் வகுத்தவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சாமுவேல் ரஸ்ஸல். இங்கிலாந்துப் பிரபுக்கள் தம் கிராமப்புறப் பண்ணைகளில் கட்டிக்கொண்ட மாளிகைகளே அவருக்கு முன்மாதிரி. அப்பிரபுக்களோ பல்லாடியோ என்னும் 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பியைப் பின்பற்றியவர்கள். ஓங்கிய தூண் வரிசை, அதன்மேல் முக்கோண முகப்பு, நடுவே பெருங்கூடம், இருபுறமும் ஒத்த அளவு: இதுவே அம்மரபின் இலக்கணம். அமெரிக்காவின் வெள்ளை மாளிகையை இது நினைவூட்டுவதற்கும் அந்தப் பொது மரபே காரணம்.

வாயிலில் இரு சிங்கங்கள் காவலிருக்க, படியேறி நின்று தூண்களை நோக்கினால் சலவைக்கல்லோ என்று மயங்குவோம். உள்ளே இருப்பது செங்கல். மேலே பூசியது சுண்ணாம்பு. கல்லுக்கு நிகராகச் சுண்ணத்தை மெருகேற்றும் கலையில் அந்நாளில் சென்னை பெயர் பெற்றிருந்தது. சுண்ணச்சாந்து ஈரத்தை வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்போர் பலர் இதை மறந்துவிடுவது வருந்தத்தக்கது.

இங்கிலாந்தின் மாளிகைகளில் இல்லாத ஒன்றும் இங்கே இருந்தது. கர்க்பாட்ரிக் மணந்தது ஐதராபாத்தின் உயர்குலப் பெண்ணான கைருன்னிசாவை. கோஷா முறைப்படி அவர் வாழ, ரங்க மஹால் என்ற அந்தப்புரம் தனியே எழுந்தது. பெரிய மாளிகையைச் சுற்றிப் பார்க்க இயலாத மனைவிக்காகக் கணவர் அதன் சிறு உருவைத் தோட்டத்தில் அமைத்தார் என்பது வழிவழி வரும் கதை. ரங்க மஹால் பிற்காலத்தில் இடிக்கப்பட்டது. அச்சிறு மாளிகை எஞ்சியது. கர்க்பாட்ரிக் 1805-இலேயே கல்கத்தாவில் மரணமடைந்தார்.

1949-இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரி இங்கு வந்தது. பெண்ணொருத்தி சுற்றிப் பார்க்க இயலாதிருந்ததாகச் சொல்லப்படும் கூடங்களிற் பெண்கள் பாடம் கேட்டனர். ஆயினும் கட்டடம் சிதைந்தது; 2002-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அதனை அபாயத்திலிருப்பவற்றின் பட்டியலில் சேர்த்தது. நெடுநாட் பணிக்குப் பின், சீரமைத்த மாளிகை 2023-இல் திறக்கப்பட்டது. வளாகம் இப்போது மகளிர் பல்கலைக்கழகம்; ஆதலால் பார்க்கச் செல்வோர் வாயிலில் விசாரித்துவிட்டுச் செல்லுதல் நன்று. சிறு மாளிகையையும் பாராமல் திரும்ப வேண்டாம்.